ஆளில்லாத படங்கள்

எங்கள் தொழிலில் ஒரே ஒரு வசதி உண்டு: எதிரே உட்கார வைத்து வரைகிற எதுவும் கழுத்து வலிக்கிறது என்று எழுந்து போகாது. டம்ளர், மூக்குக்கண்ணாடி, சீப்பு, செருப்பு, இவைதான் என் எதிரில் வந்து உட்காருகிறவர்கள். மனிதர்களை நான் வரைவதில்லை. வரைந்து பார்த்திருக்கிறேன், மூக்கு சரியில்லை என்று சண்டைக்கு வந்தார்கள். டம்ளர் அப்படியெல்லாம் வராது.

பென்சில் பிடிக்கத் தெரிந்தவர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு முறை நன்றாக வரைந்துவிட்டால் போதும், பக்கத்து வீடு, எதிர் வீடு, மச்சினர் வீட்டுப் பிள்ளை என்று ரெக்கார்டு நோட்டுகள் வந்து குவியும். சேலம் அஸ்தம்பட்டியில் எங்கள் தெருப் பிள்ளைகள் எத்தனையோ பேருக்குக் கரப்பான்பூச்சியும் செம்பருத்தியும் வரைந்து கொடுத்துப் பாஸாக்கியிருக்கிறேன். அவர்கள் வேலைக்குப் போய்ச் சம்பாதிக்கிறார்கள். நான் இன்னும் பென்சில்தான் சீவிக்கொண்டிருக்கிறேன்.

என் தாளைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மெல்லிய கைக்காகிதம். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பின்னால் இருக்கிற விரல் தெரியும். பென்சில் அதில் மாவு மாதிரி படியும். ரப்பர் மட்டும் ஆகாது, ஒரு தேய்ப்புத் தேய்த்தால் நார் எழும்பிக் கிழிந்துவிடும். போட்ட கோடு போட்டதுதான். கெட்டித் தாளில் வரைந்து தொலைக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்பது காதில் விழுகிறது. கெட்டித் தாளில் டம்ளர் வெறும் டம்ளராகத்தான் வருகிறது. இந்தத் தாளில் வரைந்தால் யாரோ இப்போதுதான் குடித்துவிட்டு வைத்தது போல் இருக்கிறது. அதற்காகத்தான் இந்தப் பாடு.

மாம்பழத் தட்டு

எங்கள் பகுதியில் கிளினிக் வைத்திருக்கும் டாக்டர் ஒருவர், நோயாளிகள் உட்காரும் இடத்தில் மாட்ட ஒரு படம் கேட்டார். "ஊருக்குப் பேரே மாம்பழந்தானே, அதையே வரையுங்க" என்றார். அவர் வீட்டு மேசையில் ஒரு தட்டு நிறைய மாம்பழத்தை அடுக்கி வைத்து, தினமும் சாயங்காலம் போய் வரைந்தேன். முதல் நாள் தட்டு குவிந்திருந்தது. மறுநாள் உச்சியில் இருந்த பழத்தைக் காணோம். அதற்கடுத்த நாள் முன்னால் சாய்ந்திருந்தது போயிற்று. நான் நிழலை எங்கே போடுவது என்று விழித்துக்கொண்டிருக்கும்போது, டாக்டரின் மனைவி கையில் மாங்கொட்டையோடு சமையலறையிலிருந்து எட்டிப் பார்த்தார். மேடம், படம் முடிகிற வரைக்காவது விட்டுவைக்கக் கூடாதா என்றேன். அவர் கொஞ்சமும் வெட்கப்படவில்லை.

"பழுத்தா சாப்பிடணுமுங்க. பாத்துக்கிட்டேவா இருக்க முடியும்?"

பல் செட்

ஓமலூரில் வெல்ல மண்டி வைத்திருந்த ஒருவர் இறந்துபோனார். அவர் மகனும் மகளும் என்னைக் கூப்பிட்டு, அப்பா தலைமாட்டில் என்னென்ன இருந்ததோ அதை அப்படியே வரைந்து தரச் சொன்னார்கள். ஒரு ஸ்டூல். அதன் மேல் டார்ச் லைட், மூக்குக்கண்ணாடி, தைலப் புட்டி, ஒரு கண்ணாடி டம்ளர் தண்ணீரில் அவருடைய பல் செட். டம்ளரைப் பார்த்ததும் மகளுக்கு முகம் சுருங்கிவிட்டது. "அதைப் போட வேண்டாமுங்க அக்கா. வாரவங்க போறவங்க பாத்தா சிரிப்பாங்க" என்றாள். அண்ணன் கேட்கவில்லை. பல் இருக்கத்தான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றான். அண்ணனுக்கும் தங்கைக்கும் என் முன்னாலேயே வார்த்தை தடித்துவிட்டது. நான் பென்சிலைக் கீழே வைத்துவிட்டு, பங்கு பிரிக்கிற வீட்டுக்குள் தெரியாமல் நுழைந்துவிட்ட ஆள் மாதிரி சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அப்பா கடுமையான மனிதராம். மண்டிக்குப் போகிறவர்கள் அவரைப் பார்த்தால் பீடியைப் பின்னால் மறைப்பார்களாம். வீட்டிலும் அதே கதைதான். தங்கை இதையெல்லாம் சொல்லி, இப்படிப்பட்டவரைப் போய்ப் பல்லோடு வரைந்து கேலிப்பொருள் ஆக்குவதா என்று அழுதாள். அண்ணன் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தான். அவன் அடுத்துச் சொன்னதைக் கேட்டதும் தங்கை எழுந்து போய் அந்த டம்ளருக்குப் புதுத் தண்ணீர் பிடித்துக்கொண்டு வந்து ஸ்டூலில் வைத்தாள்.

"அப்பா சிரிச்சு நாம பாத்ததே இந்தப் பல்லு வந்தப்பறந்தானே புள்ள."

எறும்பு

சேலம் கடைவீதியில் ஜவுளிக்கடை வைத்திருந்த ஒரு பாய் இறந்து ஒரு மாதம் ஆகியிருந்தது. அவர் மகன் அப்பாஸ் என்னைத் தேடி வந்தான். "அத்தா மேசைய ஒதுக்கணும்க்கா. அம்மா ஒத்துக்க மாட்டேங்கறாங்க. ஒரு படம் இருந்தா எடுத்துக்கடான்னு சொல்றாங்க. எங்க வீட்ல ஆள் படமெல்லாம் மாட்ட மாட்டோம். சாமான் மட்டும்." அவன் அம்மா ஜைத்தூன் அம்மா இத்தாவில் இருந்தார். கணவனை இழந்த பெண் அந்தக் காலம் முடியும் வரை வீட்டைவிட்டு வெளியே போவதில்லை, வெளி ஆண்கள் முன்னால் வருவதில்லை. பெண்ணான நான் போனதில் அவருக்குப் பெரிய நிம்மதி. நான் வரைய, அவர் பக்கத்திலேயே உட்கார்ந்து தஸ்பீஹ் மணி உருட்டினார்.

மேசை மேல் பாயின் தொப்பி, மூக்குக்கண்ணாடி, துணி அளக்கிற மீட்டர் கம்பி, பாதி தீர்ந்த அத்தர் பாட்டில், ஒரு தட்டில் பேரீச்சம்பழம். வரைந்துகொண்டிருக்கும்போது ஓர் எறும்பு ஊர்ந்து வந்து தட்டுக்குப் பக்கத்தில் நின்றது. பூச்சி வரைந்தே பழகிய கை சும்மா இருக்குமா? ஆறு காலும் இரண்டு மீசையுமாக அதை அழகாகப் போட்டுவிட்டேன். பார்த்த அப்பாஸ் தயங்கினான். "உயிர் உள்ளதை வரைஞ்சதை அம்மா தொழுகுற ரூம்ல மாட்ட முடியாதேக்கா" என்றான். அந்தத் தாளில் அழிக்க முடியாது. படம் இல்லாவிட்டால் மேசை போகாது, படம் இல்லாமலே மேசை போனால் அந்த அம்மாவுக்கு ஒன்றும் மிஞ்சாது. இத்தனையையும் ஓர் எறும்பை வைத்துக் கெடுத்துவிட்டேனே என்று என்னையே நொந்துகொண்டேன்.

ஜைத்தூன் அம்மா தாளைக் கிட்டே வாங்கிப் பார்த்தார். "அவர் வாயில எப்பவும் ஒரு கிராம்பு கெடக்கும்மா. மேசையெல்லாம் உதிர்த்துட்டுப் போவார். நான் திட்டிக்கிட்டே பொறுக்குவேன். இத கிராம்பாக்கிரு" என்றார். எறும்பின் உடம்பைத் தடிமனாக்கிக் காம்பாக்கினேன். தலையையும் முன்காலையும் சேர்த்து மொட்டாக்கினேன். பின்னங்கால்கள் மேசைப் பலகையின் ரேகைக்குள் ஒளிந்துகொண்டன. படத்தில் நிஜமாகவே ஒரு கிராம்பு மேசையில் உதிர்ந்து கிடந்தது. அந்த அம்மாவின் கை தன்னை அறியாமல் அதை எடுக்கப் போய், தாளுக்குச் சற்று மேலேயே நின்றுவிட்டது.

"இது ஒண்ண மட்டும் பொறுக்காம விட்டுடறேன்."

எண்ணெய் பாட்டில்

சங்ககிரியிலிருந்து வளர்மதி என்ற பெண் போன் செய்தாள். வீட்டுக்காரருடைய சாமான்களை வரைய வேண்டும் என்றாள். ஐயோ பாவம், எப்போது தவறினார் என்று கேட்டேன். எங்கள் தொழிலில் அதுதான் முதல் கேள்வி. "தவறலீங்க அக்கா" என்றாள். அவள் கணவர் செந்தில் லாரி டிரைவர். வடக்கே லோடு ஏற்றிக்கொண்டு போனவர், வழியில் ஒரு இடத்தில் வண்டியை ஓரம் கட்டிவிட்டு டீ குடிக்க இறங்கினார். திரும்பி வரவில்லை. கூடப் போன டிரைவர் காத்திருந்து, தேடி, கடைசியில் வண்டியை மட்டும் ஓட்டிக்கொண்டு வந்தார். போலீஸ், கோயில், ஜோசியம் எல்லாம் பார்த்தாகிவிட்டது. வருஷங்கள் போய்விட்டன.

இப்போது செந்திலின் தம்பிக்குக் கல்யாணம் கூடி வந்திருக்கிறது. பங்காளிகள் ஒன்று சொன்னார்கள்: மூத்தவனுக்குக் காரியத்தைச் செய்து, போட்டோவை மாட்டிப் பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டு அப்புறம் கல்யாண வேலையைத் தொடங்கலாம். போட்டோவில் பொட்டு விழுந்துவிட்டால் வளர்மதியின் நெற்றியில் பொட்டு இருக்க முடியாது. தாலியும் இருக்காது. அவள் அதற்குச் சம்மதிக்கவில்லை. சண்டை போட்டு ஓய்ந்து, கடைசியில், "படம் மாட்டறேன். ஆனா நான் சொல்ற படந்தான் மாட்டுவேன்" என்று சொல்லியிருக்கிறாள். படம் மாட்டினால் சரி என்று அவர்களும் விட்டுவிட்டார்கள். அந்தப் படத்துக்குத்தான் என்னைக் கூப்பிட்டாள்.

போய்ப் பார்த்தேன். அலமாரித் தட்டில் சோறு கொண்டுபோகிற ஒரு தூக்குப்போசி, வாட்ச், சீப்பு, மடித்த கைலி, தேங்காய் எண்ணெய் பாட்டில். கீழே ஒரு ஜோடி ரப்பர் செருப்பு. இத்தனை வருஷம் கழித்தும் எண்ணெய் தெளிவாக இருந்தது. அதைச் சொன்னேன். "சிக்கு வாசம் வருதேன்னு அப்பப்ப மாத்திருவனுங்க" என்றாள். கைலி சலவை வாசத்தோடு இருந்தது. வாட்ச் ஓடிக்கொண்டிருந்தது. இறந்தவர்கள் விட்டுப் போன பொருள்களை நிறையப் பார்த்தவள் நான். இவை விட்டுப் போனவை அல்ல, எடுத்து வைத்தவை. பென்சில் சீவுகிற சாக்கில் குனிந்துகொண்டேன். வரைய ஆரம்பிக்கும் முன் அவள் வந்து, வாசலைப் பார்த்துக் கிடந்த செருப்பைத் திருப்பி வைத்தாள்.

"போற மாதிரி வேண்டாமுங்க அக்கா. வந்து கழட்டி உட்ட மாதிரி போடுங்க."

உத்தேசமான தேதி

அங்கே வரைந்த நாட்களில் செந்திலின் அம்மா பாவாயி என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. மூங்கில் கூடையில் நிலக்கடலையை வைத்து உரித்துக்கொண்டு, கண்ணை மட்டும் என் தாள் மேல் வைத்திருந்தார். எனக்கு அவர் மேல் கோபம்தான். பெற்ற பிள்ளை உயிரோடு இருக்கிறானா இல்லையா என்றே தெரியவில்லை, அதற்குள் பொட்டு வைக்க அவசரமா என்று மனத்துக்குள் பொரிந்துகொண்டிருந்தேன். மருமகள் காபி கொண்டு வந்தால் வாங்கிக் குடிப்பார். அவள் முகத்தைப் பார்க்க மாட்டார்.

ஒரு நாள் வளர்மதி கடைக்குப் போயிருந்தாள். பாவாயி எழுந்து போய், பரண் மேலிருந்து பழைய பேப்பர் சுற்றிய ஒரு பிரேமை எடுத்து வந்து என் மடியில் வைத்தார். செந்திலின் போட்டோ. ஓட்டுநர் உரிமத்துக்கு எடுத்த படம் போலிருந்தது. ஸ்டுடியோக்காரன் கம்ப்யூட்டரிலேயே மாலை போட்டு, இரண்டு பக்கமும் குத்துவிளக்கு ஏற்றி, கீழே தோற்றம் என்று பிறந்த தேதியைப் போட்டிருந்தான். பக்கத்தில் மறைவு என்று எழுதி வெறுமையாக விட்டிருந்தது. பங்காளிகள் சொன்னதால் போய்ச் செய்து வாங்கி வந்தாராம். வாங்கி வந்ததிலிருந்து பரண் மேல்தான் கிடக்கிறது. மருமகளுக்குத் தெரியாது. அவர் கை அந்த வெற்றிடத்தைத் தடவியது. என் கோபம் எங்கே போயிற்றென்று தெரியவில்லை.

"'உத்தேசமா ஒரு தேதி சொல்லுங்கம்மா, போட்டுக்கலாம்'ங்கறான் ஸ்டுடியோக்காரன், சாமி. பெத்தவ என்னன்னு சொல்லுவேன்?"

சந்தனக் கிண்ணம்

படத்தைப் பிரேம் போட்டு எடுத்துக்கொண்டு போன நாள் வீடு நிறைய ஆட்கள். கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கும் முன் இந்தக் காரியத்தை முடித்துவிட வேண்டும் என்று கூடியிருந்தார்கள். பாவாயியின் கணவருக்கு அண்ணன் முறையான பெரியவர் ஒருவர், தோளில் துண்டோடு நடு வீட்டில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வளர்மதி படத்தை வாங்கி, தானே ஆணியில் மாட்டினாள். பிறகு சுவரோரமாகப் போய் நின்றுகொண்டாள். கழுத்துக் கயிற்றை ஒரு கையால் இறுகப் பிடித்திருந்தாள். எனக்கு அங்கிருந்து போய்விட வேண்டும் போலிருந்தது.

பெரியவர் படத்தை நிமிர்ந்து பார்த்து, "என்ன இது, போசியும் சீப்புமா இருக்குது?" என்றார். "அவரோடதுதானுங்க" என்றாள் வளர்மதி. பெரியவருக்குத் திருப்தியில்லை, ஆனாலும் கொடுத்த வாக்கு. "செரி, எதுவா இருந்தா என்ன. பாவாயி, சந்தனத்தத் தொட்டு வெய்யி" என்றார். பாவாயி கிண்ணத்தில் விரலைத் தோய்த்துக்கொண்டு படத்துக்கு முன்னால் போனார். விரல் வாட்ச் பக்கம் போயிற்று, திரும்பியது. போசிக்கு நேரே நின்றது, இறங்கியது. கைலி, சீப்பு, எண்ணெய் பாட்டில், செருப்பு என்று படம் முழுக்கச் சுற்றி வந்தது. "நெத்தி எங்கீங்க மாமா இருக்குது?" என்று கேட்டார். பெரியவர், "எங்கியோ ஓரெடத்துல வெய்யி" என்றார், ஆனால் குரலில் பழைய அதட்டல் இல்லை. அவரே எழுந்து வந்து, கண்ணைச் சுருக்கிக்கொண்டு கண்ணாடிக்குள் பார்த்தார். அவருக்கும் இடம் தெரியவில்லை. செருப்பில் வைக்கச் சொல்வாரா? போசியில் வைத்தால் ஆயுத பூஜைக்கு வைத்த மாதிரி இருக்கும்.

பாவாயி திரும்பினார். சந்தனம் விரலில் காயத் தொடங்கியிருந்தது. நேரே சுவரோரம் நடந்தார். வளர்மதி பயந்து இன்னும் பின்னால் ஒண்டினாள், அதற்கு மேல் சுவர்தான் இருந்தது. மாமியார் அவள் மோவாயைப் பிடித்து நிமிர்த்தி, அவள் நடு நெற்றியில் அந்தச் சந்தனத்தை வைத்தார். அலமாரியிலிருந்த குங்குமச் சிமிழை எடுத்து அதன் மேல் குங்குமமும் வைத்தார். அவள் மாமியாரின் கையைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். நானும் அழுதேன், அதிலென்ன வெட்கம். பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். பாவாயி அவரைப் பார்த்துத்தான் சொன்னார். கிண்ணம் இன்னும் அவர் இடது கையில் இருந்தது.

"படத்துக்கு நெத்தி இல்லீங்க மாமா. இவளுக்கு இருக்குது."

அன்றைக்கு வடை பாயசத்தோடு சாப்பாடு போட்டுத்தான் அனுப்பினார்கள் என்றாலும், படம் எப்படி இருக்கிறது என்று மட்டும் அந்த வீட்டிலும் எனக்கு யாரும் சொல்லவில்லை.